64 வயதில் நானே கட்டும் டர்போ ஹெரால்டு கார்: நீலப்புகைக்கும் எஞ்சின் திணறலுக்கும் ஆலோசனை வேண்டும்

கேள்வி: பாலாற்றுக்கரையான், காட்பாடி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 64. ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் ஒரு தொழிற்சாலையில், கொதிகலன்களுக்குக் காற்று செலுத்தும் பெரிய விசிறிகளைச் சமநிலைப்படுத்தும் பிரிவில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கல்லூரி நாட்களில் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த கார் பந்தயங்களைப் பார்க்க, காட்பாடியிலிருந்து ரயிலேறிச் சென்னைக்குப் போய், அங்கிருந்து பேருந்து பிடித்துப் போவோம். பழைய சிறிய காரில் பெரிய எஞ்சினைப் போட்டுச் சொந்தக் கையால் வேகப்படுத்துவதற்கு அமெரிக்காவில் ‘ஹாட் ராட்’ என்று பெயர் என்பதும், கலிபோர்னியாவின் வற்றிய ஏரிப் படுகைகளில் 1930களிலேயே இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை அப்படிக் கட்டி ஓட்டினார்கள் என்பதும் அந்த நாட்களில்தான் எனக்குத் தெரிய வந்தன. அன்று கையில் காசு இல்லை. பிறகு குடும்பம், மகள்களின் படிப்பு, வீடு என்று வரிசையாகக் கடமைகள் வந்தன. அவை எல்லாம் முடிந்துவிட்டதால், மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இந்த வேலையைத் தொடங்கினேன்.

வண்டி, வண்டலூரில் தயாரான 1969ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நான்கு கதவு மாடல். என் மாமனார் வாங்கி ஓட்டியது. அவர் மறைவுக்குப் பிறகு மாட்டுக்கொட்டகையில் 20 ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. இதைத் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அம்பாசிடரையும் பத்மினியையும் போல உடலே சட்டமாக இல்லாமல், ஹெரால்டுக்குத் தனியாக அடிச்சட்டம் இருக்கிறது. உடலைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யலாம். இரண்டாவது காரணம் என் முழங்கால். ஹெரால்டின் பானெட், இரண்டு மட்கார்டுகளோடும் சேர்ந்து முன்பக்கமாக முழுதாகக் கவிழ்ந்து திறக்கும். திறந்த பிறகு முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு, எஞ்சினை மடியில் வைத்துக்கொண்டதுபோல வேலை செய்யலாம். குனிந்து நிற்க முடியாத வயதில் இது எவ்வளவு பெரிய உதவி என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அசல் 948 சிசி எஞ்சினைக் கழற்றி எண்ணெய் தடவிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதன் இடத்தில், பழைய அம்பாசிடர் ஒன்றிலிருந்து எடுத்த 1817 சிசி இசுசு பெட்ரோல் எஞ்சினையும் அதன் ஐந்து கியர் பெட்டியையும் வைத்திருக்கிறேன். எஞ்சின் புகையின் விசையால் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ, 1.3 லிட்டர் டீசல் கார் ஒன்றினுடையது. காயலான் கடையில் வாங்கிப் புது பேரிங்குகள் போட்டேன். அதைப் பிரித்த அன்று, உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சக்கரத்தின் ஓரத்தில், சமநிலைக்காக இம்மியளவு உலோகத்தை அரைத்து எடுத்திருந்த தழும்பைக் கண்டேன். நாங்கள் ஓராள் உயர விசிறியில், நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றில் செய்த வேலையை, ஒன்றரை லட்சம் சுற்றில் ஓடும் இந்தச் சிறு சக்கரத்தில் யாரோ செய்திருக்கிறார்கள். அன்று இரவு வெகுநேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புகைபோக்கி மேனிஃபோல்டைக் கொதிகலன் வேலைக்குப் பயன்படும் தடித்த சீம்லெஸ் குழாயை வெட்டி, நானே வெல்டிங் செய்தேன். டர்போவிலிருந்து வரும் காற்று, அதைக் குளிர்விக்கும் ஓர் இன்டர்கூலர் வழியாகக் கார்புரேட்டரின் தலையில் நுழைகிறது. இன்டர்கூலர் கட்டாயம் என்று முடிவு செய்ததற்கு நம் ஊர் வெயிலே காரணம். 40 டிகிரிக் காற்றை 0.4 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அழுத்தினால், கம்ப்ரசரின் திறன் 65 விழுக்காடு என்று வைத்துக்கொண்டாலும், அது 90 டிகிரியை நெருங்கிவிடும் என்று கணக்குக் காட்டுகிறது.

இப்போது என் சிக்கலுக்கு வருகிறேன். எஞ்சினைக் கிளப்பி, ஆக்சிலேட்டரை அழுத்தாமல் ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டால், சைலன்சரில் நீலப்புகை வரத் தொடங்குகிறது. ஆக்சிலேட்டரைக் கொடுத்தால் குறைகிறது. டர்போவின் ஆயில் திரும்பும் குழாயை, எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பில் ஓட்டை போட மனம் வராமல், ஆயில் வடிக்கும் பிளக்கின் துளையிலேயே இணைத்திருக்கிறேன். அடுத்ததாக, குடியாத்தம் பக்கம் என் தம்பியின் மாந்தோப்பில் 300 மீட்டர் மண்பாதையில் ஓட்டிப் பார்த்தபோது, இரண்டாம் கியரில் 3,000 சுற்றைத் தாண்டி அழுத்தமானியின் முள் 0.3 பாரைத் தொட்டதும் எஞ்சின் திணறி விழுந்துவிடுகிறது. பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு வந்த பழைய டயஃப்ரம் பம்ப்தான். பானெட்டில் வெப்பம் வெளியேற ஒரு துளை வெட்டலாமா என்ற யோசனையும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். செலவைவிடத் தவறைத்தான் தவிர்க்க நினைக்கிறேன்.

மறுமொழி: டீசல் பட்டறை, ஆற்காடு

ஐயா, வணக்கம். 28 ஆண்டுகளாக லாரி, வேன் டர்போக்களைப் பிரித்துப் பூட்டுபவன் நான். நீங்கள் அறிகுறிகளை எழுதியிருக்கும் முறையிலேயே பாதி விடை இருக்கிறது.

நீலப்புகைக்குக் காரணம் அந்த பிளக் துளைதான். டர்போவுக்குள் ஆயில் அழுத்தத்தோடு போகிறது, ஆனால் திரும்பி வருவது தன் எடையால் மட்டுமே; மேலே இருந்து கீழே தானாக வழிந்துதான் அது வரவேண்டும். வடிகால் பிளக் எப்போதும் ஆயில் மட்டத்துக்குக் கீழே இருக்கும். ஆகவே, வழிந்து வரும் ஆயில் சம்ப்பில் நிற்கும் ஆயிலை முட்டி, குழாயிலேயே தேங்கி, டர்போவின் நடுப்பகுதி நிரம்பிவிடுகிறது. டர்போவின் சீல் என்பது ரப்பர் சீல் அன்று. பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய வளையம். தேங்கிய ஆயிலை அது தடுக்காது. ஐடிலில் உள்ளே காற்றழுத்தம் இல்லாததால் ஆயில் எளிதாகக் கசிந்து புகையாகிறது. புது பேரிங் போட்டும் புகைகிறதே என்று எண்ணி, பேரிங் போட்டவர் மீது சந்தேகப்பட வேண்டாம். சம்ப்பைக் கழற்றி, ஆயில் மட்டத்துக்கு மேலே ஒரு துளை போட்டு, இரும்புக் குமிழ் ஒன்றை வெல்டிங் செய்து, உள்விட்டம் 16 மில்லிமீட்டருக்குக் குறையாத குழாயை, எங்கும் தொங்கலோ மேடோ இல்லாமல் நேராகக் கீழிறங்கும்படி கொடுங்கள். எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே அழுத்தம் சேர்ந்தாலும் இதே புகை வரும்.

எஞ்சின் திணறுவது பெட்ரோல் பட்டினி. கார்புரேட்டருக்குள் 0.3 பார் காற்றழுத்தம் நிற்கும்போது, கிட்டத்தட்ட அதே அழுத்தம் மட்டுமே தரும் பழைய பம்ப்பால் உள்ளே பெட்ரோலைத் தள்ள முடியாது. இதைத் தொடர்ந்து ஓட்டினால் கலவை மெலிந்து, பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். ஆகையால் பம்ப்பை மாற்றும் வரை தயவுசெய்து தோப்பில்கூட ஓட்ட வேண்டாம். மின்சாரப் பம்ப் ஒன்றும், டர்போ அழுத்தத்தை உணர்ந்து தானும் அதே அளவு உயரும் ரெகுலேட்டர் ஒன்றும் வேண்டும். மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பத் தனிக் குழாயும் வேண்டும். பெட்ரோலின் அழுத்தம் எந்த நேரத்திலும் காற்றழுத்தத்தைவிடச் சுமார் 0.25 பார் கூடுதலாக நிற்க வேண்டும் என்பதே கணக்கு. கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை இருக்கும் ஃப்ளோட் அறையின் காற்றுத் துளைக்கும் அதே டர்போ அழுத்தம் கிடைக்க வேண்டும். உள்ளே வெற்றான பித்தளை ஃப்ளோட் என்றால் அழுத்தத்தில் நசுங்கிப்போகும், மாற்றிவிடுங்கள். கார்புரேட்டரின் காற்றுக் கதவைத் திருப்பும் த்ராட்டில் தண்டின் இரு முனைகளிலும் சீல் இல்லையென்றால் அங்கிருந்து பெட்ரோல் ஆவியாகத் தெறிக்கும். சூடான மேனிஃபோல்டுக்கு அருகில் அது எவ்வளவு ஆபத்து என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

டர்போவின் அளவு எனக்கு உறுத்துகிறது. அந்த 1.3 லிட்டர் டீசல் 4,000 சுற்றில் ஒரு பார் அழுத்தத்தோடு ஓடும்போது, அந்த டர்போ நிமிடத்துக்குச் சுமார் 3,800 லிட்டர் வெளிக்காற்றை இழுக்கிறது. உங்கள் 1.8 லிட்டர் எஞ்சினுக்கு 5,000 சுற்றில், 0.4 பாரில், சுமார் 5,100 லிட்டர் தேவைப்படும். ஆக, 3,700 சுற்றுக்கு மேல் அது தன் வேலைக்கு மீறி உழைக்கும்; புகை வெளியேறும் பக்கமும் நெரிக்கும். அதோடு, டீசலின் புகை பெரும்பாலும் 750 டிகிரிக்குள் நின்றுவிடும். பெட்ரோல் எஞ்சினை முழு அழுத்தத்தில் ஓட்டினால் 900 டிகிரியைத் தாண்டும், அந்தச் சூட்டில் டீசல் டர்போவின் இரும்புக் கூடு நாளடைவில் விரிசல் விடும். இப்போதைக்கு 4,000 சுற்றோடு நிறுத்திக்கொண்டு இதை வைத்தே பழகுங்கள். பிறகு பெரிய பெட்ரோல் எஞ்சினுடைய டர்போ ஒன்று கிடைக்கும்போது மாற்றுங்கள். அழுத்தம் கூடும்போது இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளவும் மறவாதீர்கள், 0.4 பாருக்கு ஆறு டிகிரி வரை பின்னிழுத்து, 95 ஆக்டேன் பெட்ரோல் ஊற்றித் தொடங்குவது நல்லது. வண்டியை நிறுத்தியதும் சாவியைத் திருப்பிவிடாமல் இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விடுங்கள். இல்லாவிட்டால் தண்டில் நிற்கும் ஆயில் கருகிக் கரியாக ஒட்டிக்கொள்ளும்.

மறுமொழி: ஹெரால்டு வைத்திருப்பவன், கோயம்புத்தூர்

வணக்கம் ஐயா. உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். எஞ்சின், டர்போ, இன்டர்கூலர் எல்லாம் இருக்கின்றன. பிரேக்கைப் பற்றியும் பின் அச்சைப் பற்றியும் ஒரு சொல்கூட இல்லை. எனக்குக் கவலை அங்கேதான்.

ஹெரால்டின் பின் சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் அச்சில் இருக்கின்றன; எஞ்சின் விசையை இரு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்கு அருகில் மட்டுமே மூட்டு உண்டு. வளைவில் வேகமாகப் போகும்போது பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், வண்டியின் பின்பகுதி எழும்பி, வெளிப்பக்கச் சக்கரம் உள்ளுக்குள் மடங்கும். டயரின் ஓரம் மட்டுமே தரையில் பட, வண்டி சுழன்றுவிடும். நம் நாட்டிலும் இந்த அமைப்பின் மீது மனக்குறை இருந்ததால்தான், 1972இல் வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் சாதாரண ஒற்றை அச்சைப் போட்டார்கள். 948 சிசி எஞ்சினோடு இந்தக் குணம் அடங்கிக் கிடந்தது. நீங்கள் போட்டிருக்கும் எஞ்சின் டர்போ இல்லாமலேயே அதைப்போல இரண்டு மடங்கு முறுக்குவிசை தரும்.

முடியாது என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தில் ஹெரால்டை முதலில் உருவாக்கிய ட்ரையம்ப் நிறுவனமே அதன் வடிவமைப்பில் இரண்டு லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினை வைத்து ‘விட்டெஸ்’ என்று விற்றது. ஆனால் அதற்காக அடிச்சட்டத்தை வலுப்படுத்தினார்கள், முன்னால் டிஸ்க் பிரேக் போட்டார்கள், 1968இல் பின் அச்சின் அமைப்பையே கீழே கூடுதல் தாங்குகை கொடுத்து மாற்றினார்கள். எஞ்சினை மட்டும் பெரிதாக்கி அவர்களே விட்டுவிடவில்லை. நீங்களும் அந்த வரிசையிலேயே போங்கள். முன் டிஸ்க் பிரேக் பாகங்கள் விட்டெஸுக்கும் அதன் உறவு வண்டியான ஸ்பிட்ஃபயருக்கும் இங்கிலாந்தில் இன்றும் கிடைக்கின்றன. பின்னால் இருக்கும் குறுக்கு இலை ஸ்பிரிங்கை இறக்கி, சக்கரங்களின் தலை சற்றே உள்நோக்கிச் சாயும்படி அமைத்தால், மடங்கும் குணம் பெருமளவு குறையும். டிஃபரன்ஷியலும் அச்சுத் தண்டுகளும் சிறிய எஞ்சினுக்காகச் செய்யப்பட்டவை. டர்போ முறுக்கை முதல் கியரில் கொடுத்தால் தண்டு முறிந்து சக்கரமே கழன்று போகக்கூடும். டிரம் பிரேக்கோடு தயவுசெய்து 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள்.

மறுமொழி: வழக்குரைஞர், திருப்பத்தூர்

ஐயாவின் உழைப்பை மதிக்கிறேன். இருந்தாலும் சட்ட நிலையைச் சொல்லாமல் விடுவது சரியன்று. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டில் வந்த திருத்தத்தின்படி, அனுமதியின்றி மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆகவே, இப்போதுள்ள நிலையில் இந்த வண்டி தோப்புக்கும் பந்தயத் தடத்துக்கும் உரியதே தவிர, காட்பாடிச் சாலைக்கு உரியதன்று. தடத்துக்குக் கொண்டு செல்லும்போதும் லாரியில் ஏற்றியே செல்லுங்கள்.

பானெட்டை வெட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அருள்கூர்ந்து வெட்டாதீர்கள். 50 ஆண்டுகளைக் கடந்து, அசல் வடிவிலேயே பராமரிக்கப்படும் வண்டிகளுக்குத் தனிப் பதிவு தரும் விதிகளை மத்திய அரசு 2021 ஜூலையில் வெளியிட்டது. அடிச்சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை; முதல் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். உங்கள் 1969 ஹெரால்டு வயதில் தகுதி பெற்றது. அசல் எஞ்சினைக் காத்து வைத்திருப்பது மிக நல்ல செயல். எஞ்சின் தாங்கிகளை அடிச்சட்டத்தில் வெல்டிங் செய்யாமல் போல்ட்டில் பூட்டியிருந்தால், நாளை உங்கள் மகளோ பேரனோ விரும்பினால், மாமனார் ஓட்டிய அதே வண்டியாக அதை மீட்டு முறையாகப் பதிவு செய்ய வழி திறந்திருக்கும்.

மறுமொழி: ஓய்வுபெற்ற செவிலியர், சத்துவாச்சாரி

அண்ணா, எனக்கு எஞ்சினைப் பற்றித் தெரியாது. என் வீட்டுக்காரரும் பழைய ஜீப்பை வைத்துக்கொண்டு கொட்டகையிலேயே பொழுதைக் கழிப்பவர் என்பதால் எழுதுகிறேன். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள். நான்கு இரும்புத் தாங்கிகள் வைத்து, வண்டியை ஆட்டிப் பார்த்துவிட்டுப் படுங்கள். சம்ப்பைக் கழற்றும் நாளில் தனியாக இருக்க வேண்டாம், அண்ணியாவது கூப்பிடும் தூரத்தில் இருக்கட்டும். வேலூரின் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் பதினோரு மணிக்கு மேல் வேலை செய்வது இந்த வயதில் உடம்புக்கு ஆகாது. தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். சூடான குழாய் கையில் பட்டுவிட்டால் மையோ பற்பசையோ தடவாமல், ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பெட்ரோல் தீக்கு ஏற்ற தீயணைப்பான் ஒன்றைக் கொட்டகை வாசலில் மாட்டி வையுங்கள். உள்ளே மாட்டினால் தீப்பிடிக்கும்போது எடுக்க முடியாது.

கேள்வி கேட்டவரின் பதில்: பாலாற்றுக்கரையான்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பதில் எழுத மூன்று வாரம் ஆனதற்குக் காரணம், சொன்னவற்றைச் செய்து பார்த்துவிட்டு எழுத நினைத்ததுதான்.

ஆற்காட்டு நண்பரே, நீங்கள் சொன்னது அப்படியே சரியாக இருந்தது. சம்ப்பை இறக்கி, ஆயில் மட்டத்துக்கு இரண்டு அங்குலம் மேலே குமிழ் வைத்து வெல்டிங் செய்தேன். குழாயை நேராக இறக்கி, மேலே ஒரு குவளை ஆயிலை ஊற்றிப் பார்த்தபோது, நிற்காமல் ஒரே ஓட்டமாக வழிந்து போனது. பிறகு 25 நிமிடம் ஐடிலில் விட்டேன். சைலன்சர் முனையில் பிடித்த வெள்ளைத் துணியில் நீலமும் இல்லை, ஈரமும் இல்லை. தாழ்வான இடத்தில் வடிகாலை இணைத்தால் நீர் எதிர்த்து ஏறும் என்பது தொழிற்சாலையில் ஆயிரம் முறை பார்த்த உண்மை. என் சொந்த வண்டியில் அதைக் காணத் தவறிவிட்டேன். மின்சாரப் பம்ப்பும் ரெகுலேட்டரும் சென்னைப் புதுப்பேட்டையில் கிடைத்தன. ஃப்ளோட்டைக் கழற்றிப் பார்த்தால், பித்தளையின் ஒரு கன்னம் ஏற்கெனவே உள்ளே ஒடுங்கியிருந்தது. அதையும் மாற்றிவிட்டேன்.

வழக்குரைஞர் ஐயா, பானெட்டில் கை வைக்கவில்லை. எஞ்சின் தாங்கிகள் நான்கும் போல்ட்டில்தான் இருக்கின்றன. கியர் பெட்டித் தாங்கி மட்டும் இரண்டு இடத்தில் வெல்டிங்கில் இருந்தது. அதை அரைத்தெடுத்துவிட்டுக் கவ்வி முறைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். பேரனுக்கு ஆறு வயது. அசல் எஞ்சினை வைத்திருக்கும் மரப்பெட்டியின் மேல் அவன் பெயரை எழுதியிருக்கிறேன். தங்கை சொன்னபடி தீயணைப்பான் வாசலில் தொங்குகிறது. கொட்டகைக்கு வெளியே என் மனைவிக்கு ஒரு நாற்காலியும் போட்டாயிற்று.

கோயம்புத்தூர் நண்பர் எழுதியதுதான் என்னை அதிகம் நிறுத்தியது. மூன்று ஆண்டுகளாகக் காற்றையும் சுழற்சியையும் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்த நான், பின் சக்கரத்தைத் தூக்கி, கையால் மேலும் கீழும் ஆட்டி, அது உள்ளே மடங்குவதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். புது பம்ப்போடு தோப்பில் ஓட்டிப் பார்க்கும் ஆசையைத் தள்ளி வைத்துவிட்டேன். முன் டிஸ்க் பாகங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அவை வந்து பொருத்தும் வரை டர்போவின் குழாயைக் கழற்றி, வாயைத் துணியால் கட்டி வைத்திருக்கிறேன். குறுக்கு ஸ்பிரிங்கில் எந்த இலையை எடுத்தால், சக்கரம் எத்தனை டிகிரி உள்ளே சாயும் என்பதை நீங்கள் அளந்து வைத்திருந்தால் எழுதுங்கள். நாளை காலை ஆறு மணிக்கு ஸ்பிரிங்கை இறக்கத் தொடங்குகிறேன். வெயில் ஏறுவதற்குள் இலைகளைப் பிரித்துத் தடிமனை அளந்து இங்கே பதிகிறேன்.